அறுநூற்று நாற்பது கிலோமீட்டரும் ஒன்பது மீட்டரும்

பிப்ரவரி 9

பாலம் கட்டும் எஞ்சினியர் அம்மா அவர்களுக்கு,

உன் கடிதம் வந்தது. இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நாலாவது வரியில் எழுதியிருக்கிறாய். மூன்று வரி நலம் விசாரித்துவிட்டு நாலாவதில் இதை வைத்தாயே, அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறேன்.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. தபால் கொண்டுபோகும் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது, யோசிக்க நேரமில்லை என்கிறாய். சரி. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவனிடம் ஒரு வார்த்தை கேட்கும்வரை லாரி காத்திருக்குமா என்ன.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயரான மனிதர் வீட்டோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சின்னவள் பள்ளிக்கூடம் கிளம்ப இரண்டு நிமிஷம் தாமதமானால் உன் அப்பா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். அவளுக்கு இரண்டு பல் விழுந்திருக்கிறது. பெரியவள் உன் கடிதத்தைத் தொடவில்லை. "அம்மா எப்போ வர்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் வேணாம்" என்றாள். சொன்னேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினாலு வயசுப் பெண் கதவைச் சாத்தினால் வெளியே நிற்கிற அப்பன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதெல்லாம் உன் இலாகா.

எனக்கும் கோபம்தான். மறைக்கவில்லை. நேற்று கடையில் ஒரு அம்மாவுக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக் கடை வைத்து இருபது வருஷத்தில் இது முதல் தடவை.

இதற்கு மேல் எழுதினால் நன்றாக இருக்காது.

பிள்ளைகளின் அப்பா


பிப்ரவரி 20

என்னங்க,

"எஞ்சினியர் அம்மா அவர்களுக்கு"ன்னு கவர் மேலயும் எழுதிட்டீங்க. லாரிக்காரர் அதை எல்லார் முன்னாலயும் சத்தமா படிச்சுக் குடுத்தார். முகாமே சிரிச்சுது. உங்க கோபம் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு.

நான் செஞ்சது தப்பு. சுத்தி வளைக்கப் போறதில்ல. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் கேக்கலை. லாரி கிளம்புச்சுன்னு எழுதினது வெறும் சாக்கு.

ஏன் இருக்கேன்னு மட்டும் கேளுங்க. நாங்க இருக்கிற அக்கரையில பதினோரு ஊர். வெயில் காலத்துல முழங்கால் தண்ணிதான், லாரி ஆத்துல இறங்கியே வந்துடும். மழை பிடிச்சா நாலு மாசத்துக்கு ஒண்ணும் வராது. அப்போ டிரம்மும் மூங்கிலும் சேர்த்துக் கட்டின ஒரு மிதவைதான் கதி. நான் வந்த முதல் மழையில, பிரசவ வலி வந்த ஒரு பொண்ணை அதுல ஏத்தினாங்க. நடு ஆத்துல கயிறு அறுந்துடுச்சு. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கரை ஒதுங்கினாங்க. பொண்ணு பிழைச்சா. குழந்தை பிழைக்கல. அவ இப்போ எங்க சமையல்கட்டுல வேலை பார்க்கிறா. தினம் காலையில டீ கொண்டு வரும்போது "இன்னும் எவ்ளோ தூரம் கட்டணும்க்கா?"ன்னு கேப்பா. அவகிட்ட போய், நான் ஊருக்குக் கிளம்பறேன், வேற ஆள் வருவாருன்னு சொல்ல வாய் வரலைங்க.

எனக்கு லீவு கிடையாது. அதனால ஒரு யோசனை. மே மாசம் பிள்ளைங்களுக்கு லீவு. நீங்க நாலு பேரும் இங்க வாங்க, ரோடு வழியா. அறுநூத்தி நாப்பது கிலோமீட்டர், நாலு நாள். முதல் நாள் கடலோரமா நேர் ரோடு. ரெண்டாம் நாள் மலை, முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. மூணாம் நாள் காடு. நாலாம் நாள் எழுபது கிலோமீட்டர் செம்மண். அதோட முடிவுல நான்.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

உங்க
நான்தான்


மார்ச் 4

உனக்கு,

அந்தப் பெண்ணைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. "வேலை நடக்கிறது, மழை பெய்கிறது" என்றுதான் எழுதுவாய். நானும் கேட்டதில்லை. படித்த பிறகு கொஞ்ச நேரம் கடை ஷட்டரைத் திறக்கவில்லை.

ஆனால் பயண யோசனை இருக்கிறதே! யார் ஓட்டுவது? எனக்கு வயசு நாற்பத்து மூன்று. இரண்டு சக்கரத்துக்கு மேல் ஓட்டியதில்லை. டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்று விசாரித்தேன். மலை வரைக்கும் சரி என்றார்கள். செம்மண் பாதை என்றதும் ஆளுக்கொரு கல்யாணம் வந்துவிட்டது. உன் அப்பாவிடம் சொன்னேன். "தண்டவாளம் இல்லாத இடத்துல வண்டி போறதே ஒரு ஒழுங்கீனம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம். உன் அப்பா பூதக்கண்ணாடியோடு குனிந்திருக்கிறார். பக்கத்தில் பெரியவள், கையில் சிவப்புப் பென்சில். உன் கடிதத்தை நான் அலமாரியில் வைத்திருந்தேன். அது மேஜை மேல் இருந்தது. நான் பார்த்ததும், "தாத்தாதான் எடுக்கச் சொன்னார்" என்றாள். அவர், "நான் எங்கே சொன்னேன்?" என்றார்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். சொல்லிக்கொடுப்பவர் என் வாடிக்கையாளர்தான், மைனஸ் ஏழு. நான் செய்து கொடுத்த கண்ணாடி இல்லையென்றால் அவருக்கு ஸ்டியரிங்கே தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். முதல் நாள் ஒரு காய்கறி வண்டி உயிர் தப்பியது.

இன்னும் வருவதாகச் சொல்லவில்லை. கற்றுக்கொள்வதாக மட்டும்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளின் அப்பா


மார்ச் 16

என்னங்க,

நீங்க வண்டி கத்துக்கறீங்கன்னு படிச்சதும் கவருக்குள்ள வேற யாரோட கடிதமாவது மாறி வந்துடுச்சான்னு கையெழுத்தைப் பார்த்தேன். நீங்கதான். பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார்ந்தாலே கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிற மனுஷன். முகாம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே பின்வாங்க முடியாது.

சில விஷயம் சொல்றேன், பெரியவகிட்டயும் காட்டுங்க. மலை ஏறும்போது ஒண்ணும் பயமில்ல. இறங்கும்போதுதான் ஆபத்து. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காதீங்க, சூடேறிப் பிடிக்காமப் போயிடும். ரெண்டாவது கியர்ல விட்டுட்டா எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டுடுங்க. காட்டுக்குள்ள நுழையற கேட் சாயங்காலம் நாலு மணிக்குச் சாத்திடுவாங்க, மூணுக்கே போயிடணும். யானை நின்னா நீங்களும் நில்லுங்க, ஹாரன் அடிக்காதீங்க. அப்பா ரயில் ஞாபகத்துல அடிக்கச் சொல்லுவார், கேக்காதீங்க.

காட்டுல ஒரு தரைப்பாலம் வரும். தண்ணி ஏறினா ரோடே ஆறாயிடும். ரெண்டு பக்கமும் கல் தூண் இருக்கும், அதுல வெள்ளைக் கோடு. கோடு தெரிஞ்சா போகலாம். கோடு முழுகியிருந்தா, எத்தனை லாரி போனாலும் சரி, எவன் "வாங்க சார், நான் பார்த்துக்கறேன்"னு சொன்னாலும் சரி, நீங்க போகாதீங்க. இதை மட்டும் என் மேல சத்தியமா எடுத்துக்கோங்க. செம்மண்ணுல இறங்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிடுங்க, சக்கரம் சிக்காது. அட்டைப்பூச்சிக்கு உப்பு. சின்னவ அலறுவா, அவளுக்குன்னு தனியா ஒரு பொட்டலம் குடுத்துடுங்க. ஆயுதம் கையில இருந்தா தைரியம் வந்துடும் அவளுக்கு.

பெரியவ எனக்கு எழுத மாட்டேங்கிறா. பரவாயில்ல. அவ சிவப்புப் பென்சிலால கோடு போட்டான்னு எழுதினீங்களே, அந்த வரியை நாலு தடவை படிச்சேன்.

உங்க
நான்தான்


ஏப்ரல் 2

உனக்கு,

லைசென்ஸ் வாங்கிவிட்டேன்! இரண்டாவது தடவையில்தான். முதல் தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது வண்டி பின்னால் போய், பரீட்சை வைத்த அதிகாரியே ஓரமாகக் குதிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு லென்ஸ் கொண்டுவந்து கொடுக்கிறவர் தன் பழைய வேனை இரண்டு மாதத்துக்குத் தருகிறார். பழுப்பு நிறம். இடது கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் நாலு பேரும் ஊருக்கு வெளியே கல்குவாரி மேட்டுக்குப் போய்ப் பழகுகிறோம். உன் அப்பா பக்கத்து சீட். மடியில் ஒரு நோட்டு. "கிளம்பியது 6.04. தாமதம் 4 நிமிடம். காரணம்: மாப்பிள்ளை சாவியைத் தேடியது" என்று எழுதுகிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் சரிவில் எதிரே டிப்பர் லாரி வந்தபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "லைன் கிளியர் இல்லை. நில்லுங்க. மூச்சு விடுங்க. இப்போ ரெண்டாவது கியர். போங்க" என்றார். முப்பத்தைந்து வருஷம் ஆயிரம் பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டின மனிதர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவரை வீட்டில் பேப்பர் படிக்கிற ஆளாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெரியவள் வழியை எட்டுத் தாளில் வரைந்திருக்கிறாள். பெட்ரோல் பங்க், தண்ணீர் கிடைக்கிற இடம், கேட் மூடும் நேரம், வெள்ளைக் கோட்டுத் தூண், எல்லாம் உன் கடிதத்தில் இருந்து எடுத்தவை. சின்னவள் உப்புப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். எறும்பு வந்துவிடும் என்றேன். "உப்புக்கு எறும்பு வராதுப்பா, சர்க்கரைக்குத்தான்" என்று எனக்கே பாடம்.

மே ஐந்தாம் தேதி கிளம்புகிறோம். வருவதாகவே சொல்லிவிட்டேன், பார்.

உன்னவன்


ஏப்ரல் 17

என்னங்க,

வராதீங்க.

மேல் மலையில மழை முன்னாலயே பிடிச்சுடுச்சு. நேத்து ஆத்துத் தண்ணி கலங்கி வந்துது. மே மாசக் கடைசியில வர வேண்டிய நிறம் அது. தினம் குச்சி நட்டு அளக்கிறேன். ஒரு வாரத்துல ஒரு முழம் ஏறியிருக்கு.

பாலத்தை இந்தக் கரையிலயே பூட்டி, உருளை மேல வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா எதிர்க்கரைக்குத் தள்ளிக்கிட்டு இருக்கோம். மொத்தம் ஐம்பத்து நாலு மீட்டர். பாதி கூட வெளியே போகல. வெள்ளம் வந்து மரம் அடிச்சுட்டு வந்தா அந்தரத்துல நிக்கிற முனையில மோதும். அப்புறம் ஒண்ணரை வருஷ வேலை ஆத்தோட போயிடும். போன வாரம் போல்ட் முடுக்கறவர் ஒருத்தர் வழுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிடுச்சு. அவரைத் தூக்கிட்டு வரும்போது என் கை நடுங்கினதை யாரும் பார்க்கல. பார்த்திருந்தா வேலை நின்னிருக்கும்.

இந்த நிலைமையில நீங்க நாலு பேரும் அந்தத் தரைப்பாலத்துக்குப் பக்கத்துல எங்கேயோ இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு என்னால வேலை பார்க்க முடியாதுங்க. ஆசை காட்டினது நான்தான். சின்னவகிட்ட எப்படிச் சொல்லுவீங்களோ. மன்னிச்சுடுங்க.

உங்க
நான்தான்


ஏப்ரல் 29

உனக்கு,

வருகிறோம்.

கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி. உன் கடிதத்தை மேஜையில் வைத்து எல்லோருக்கும் சத்தமாகவே படித்தேன். சின்னவள் அழுதாள். உன் அப்பா நோட்டை மூடிவைத்தார். பெரியவள்தான் கடிதத்தை வாங்கித் திரும்ப ஒரு தடவை தனக்குள் படித்தாள்.

"அப்பா, அம்மா பயப்படறாங்களா?"

"ஆமாம்."

"அம்மாவா?"

"அம்மாதான்."

அவளுக்கு அது புதுசு. எனக்கும்தான். இத்தனை நாளும் உனக்கு அங்கே எல்லாம் பிடித்திருக்கிறது, அதனால்தான் எங்களை விட்டுவிட்டு இருக்கிறாய் என்று அவள் நினைத்திருந்தாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "அப்போ நாம போய்த்தானே ஆகணும்" என்றாள். இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது. எழுதினாலும் அது வருவதற்குள் நாங்கள் கிளம்பியிருப்போம்.

முரட்டுத்தனமாக வரவில்லை. பெரியவள் ஒன்பதாவது தாள் வரைந்திருக்கிறாள். தரைப்பாலத்தில் கோடு முழுகியிருந்தால் கேட்டுக்கு வெளியே உள்ள வனத்துறை விடுதியில் மூன்று நாள் காத்திருப்போம். அதற்குள் வடியாவிட்டால் திரும்பிவிடுவோம். அந்தத் தாளின் கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சின்னவள் கைநாட்டு வைத்தாள், அதுதான் பெரிய மனுஷத்தனமாம்.

நீ பாலத்தைப் பார்த்துக்கொள். எங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன்னவன்


மே 10, காலை

எதிர்க்கரைக்கு,

இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது நீ எங்களைப் பார்த்திருப்பாய். ஆற்றோரம் நிற்கும் பழுப்பு வேன் எங்களுடையதுதான். நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தோம். இறங்கி ஆற்றைப் பார்த்தோம். முழங்கால் தண்ணீர் என்றாயே, இது பனைமரத்தையே விழுங்கும் போலிருக்கிறது. கத்திப் பார்த்தேன், இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்தக் கரையில் உன் ஆள் ஒருவர் இருக்கிறார். கயிற்றில் தகரப் பெட்டியைக் கோத்து இரண்டு கரைக்கும் போல்ட்டும் நட்டும் அனுப்புகிறார். அவர்தான், "எழுதிக் குடுங்க சார், போல்ட்டோட சேர்த்து அனுப்பிடறேன்" என்றார்.

வழியைச் சொல்கிறேன். முப்பத்தாறு வளைவையும் உன் அப்பா எண்ணினார். நான் எண்ணவில்லை, எனக்கு அது ஒரே நீளமான வளைவாகத்தான் இருந்தது. உச்சியில் மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. இறங்கும்போது இரண்டாவது கியர், நீ சொன்னபடி. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தரைப்பாலத்தில் கோடு முழுகியிருந்தது. திரும்பிப்போய் விடுதியில் ஒரு பகல், ஓர் இரவு. மறுநாள் போனபோது தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. அப்படியும் நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முன்னால் நடந்து பார்த்தேன். மறுமுனை உன் அப்பா கையில். கழியை ஊன்றி ஊன்றி அக்கரை போய்த் திரும்பினேன். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், ஆனால் காலை இழுத்தது. பிறகு வண்டியை விட்டேன். அந்தப் பக்கம் ஏறியதும் உன் அப்பா நோட்டில் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். "தாமதம் 22 மணி நேரம். காரணம்: புத்திசாலித்தனம்."

மஞ்சள் ஹெல்மெட் போட்ட குட்டி உருவம் ஒன்று அங்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. நீதானே?

உன்னவன்


மே 10, மத்தியானம்

என்னங்க,

நான்தான்.

நேத்து மேட்டுல ஒரு வண்டி தள்ளாடித் தள்ளாடி இறங்கி வந்துது. "யாரோ நல்லாப் பழகின ஆள், சேத்துல பிரேக் போடாம இறங்கறார் பாரு"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னேன். அப்புறம் இடது பக்கம் கதவு திறக்க மாட்டேங்குது, உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை வந்து திறக்குது. நீங்கதான்னு அப்போதான் தெரிஞ்சுது. வராதீங்கன்னு எழுதினவதான். ஆனா வந்தீங்களே.

ஒன்பது மீட்டர் பாக்கி இருக்குங்க. பாலத்தோட முனைக்கும் உங்க கரைக்கும் நடுவுல ஒன்பதே மீட்டர். ஒரு நாளைக்கு மூணு மீட்டர் தள்ளறோம். அதுக்கு மேல அவசரப்பட்டா பின்பாரம் பத்தாம முனை கவிழ்ந்துடும். நீங்க நிக்கறீங்கன்னு அவசரப்பட மாட்டேன். அதுக்கு என்னை மன்னிச்சுக்கோங்க.

பாலத்துக்கு நேர் கீழ யாரும் நிக்காதீங்க. சின்னவளைக் கையில பிடிச்சுக்கோங்க.

உங்க
நான்தான்


மே 12

எதிர்க்கரைக்கு,

இரண்டு நாளாக எங்களுக்கு வேறு வேலையே இல்லை. லாரி டிரைவர்கள் தங்குகிற தகரக் கொட்டகையில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஆற்றோரம் வந்து உட்கார்ந்துவிடுகிறோம். பாலம் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. பார்த்தால் அசைவதே தெரியவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு கை அளவு கிட்டே வந்திருக்கிறது.

கடையில் இருந்த பைனாகுலரைக் கொண்டுவந்திருந்தேன். அது இப்போது பெரியவள் சொத்து. காலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, அம்மா ஒருத்தரைத் திட்டறாங்க. ஐயோ, அவர் அம்மாவைவிட ரெண்டு மடங்கு இருக்கார்ப்பா! தலையைக் குனிஞ்சுக்கிட்டார்!" என்று நேரடி ஒலிபரப்பு. நேற்று திடீரென்று ஒலிபரப்பு நின்றது. என்ன என்றேன். "அம்மா தனியா போய் உட்கார்ந்து தண்ணி குடிக்கிறாங்க. கை நடுங்குது" என்றாள். பைனாகுலரை என்னிடம் தரவில்லை.

நேற்று மத்தியானம் வேரோடு ஒரு மரம் மிதந்து வந்ததே, அப்போது உன் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நாலு பேரை நீண்ட கழியோடு, கரையில் கயிறு கட்டிய படகில் இறக்கி அதை ஓரமாகத் தள்ளவைத்தாய். நீ கையைக் காட்டிய பிறகுதான் அவர்கள் அசைந்தார்கள். மரம் முனைக்கு அடியில் உரசாமல் போனதும் உன் அப்பா உட்கார்ந்து, "நான் ஓட்டினதெல்லாம் ஏற்கெனவே ஒருத்தர் போட்டு வெச்ச பாதை மாப்பிள்ளை. இவ இல்லாத இடத்துல போடறா" என்றார். இதை உன்னிடம் அவர் நேரில் சொல்ல மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தனித் தாள் பெரியவளுடையது. நான் படிக்கவில்லை.

உன்னவன்


மே 13

என்னங்க,

அவ என்ன எழுதினான்னு நான் சொல்லப் போறதில்ல. ஹெல்மெட்டுக்குள்ள வெச்சிருக்கேன்.

இன்னிக்கு சாயங்காலம் முனை உங்க கரையில உட்கார்ந்துடுச்சு. நீங்களே பார்த்தீங்க. நாளைக்குக் காலையில முதல்ல கல் ஏத்தின லாரி போகும், மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தாழுதுன்னு அளப்பேன். என் குடும்பம்கிறதால முதல்ல விடவும் மாட்டேன், கடைசியில விடவும் மாட்டேன். அளவு சரியா இருந்தா பத்து மணிக்குப் பச்சைத் துணி காட்டுவேன். மெதுவா, ஒரே வேகத்துல வாங்க.

உங்க
நான்தான்


மே 29

உனக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தோம். திரும்பும்போது தரைப்பாலத்தில் கோடு முழுக ஒரு விரல்தான் பாக்கி. நாங்கள் தாண்டிய மறுநாள் கேட்டைச் சாத்திவிட்டார்களாம். உன் அப்பா நோட்டைப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ரயில்வே கார்டுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். மழை பிடித்துவிட்டது. ஆகஸ்டில் நீ வரும்வரை கடிதம் கூடத் தாமதமாகத்தான் வரும் என்கிறார்கள். இப்போது பாலம் இருக்கிறதே, தரைப்பாலம் வரைக்குமாவது லாரி வரும்.

அங்கே இருந்த பத்து நாளில், மேல் ஆற்றில் கட்டப்போகும் இன்னொரு பாலத்துக்கு உன்னைக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன், உங்களைக் கேக்காம சொல்ல மாட்டேன்" என்றாய். வழியெல்லாம் நாலு பேரும் பேசினோம். உன் அப்பா, சின்னவள், இரண்டு பேருக்கும் சம்மதம். பெரியவள், வருஷத்தில் இரண்டு மாதம் நீ இங்கே இருக்க வேண்டும், லீவில் நாங்கள் அங்கே வருவோம் என்று நிபந்தனை போடுகிறாள். என் நிபந்தனையும் அதுதான். அதற்கு உன் மேலதிகாரிகள் ஒத்துக்கொண்டால் போ. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆகஸ்டில் வீட்டுக்கு வா. இரண்டில் எது நடந்தாலும் இந்தத் தடவை எனக்குக் கோபமில்லை.

இன்னொன்று. அதை நேரில் சொல்ல முடியவில்லை.

பதினாலாம் தேதி காலையில் லாரி மூன்று தடவை போய் வந்தது. நீ குனிந்து அளந்தாய். பிறகு சமையல்கட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாய். அவள் ஒருத்தியாக, கைப்பிடியைத் தொடாமல், எங்கள் கரை வரைக்கும் நடந்து வந்து, மண்ணை மிதித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். யாரும் கை தட்டவில்லை. அடுத்தது நாங்கள். பச்சைத் துணி அசைந்தது. ஏறினேன். பலகை தடதடவென்று சத்தம் போட்டது. சின்னவள், "அப்பா, இடுக்குல தண்ணி தெரியுது!" என்றாள். உன் அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். எஞ்சினும் அணைந்தது. நாற்பது பேர் பார்க்க நீ கத்தினாய், "நடுவுல ஏங்க நிறுத்தறீங்க!" என்று. அன்றைக்கும் கேட்டாய், மறுநாளும் கேட்டாய். எஞ்சின் தானாக அணைந்துவிட்டது என்றேன். பொய்.

நீ மறுமுனையில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எங்களை வா, வா என்று அழைத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தாய். கல் லாரிக்கும் அப்படித்தான் செய்தாய், பார்த்தேன். அதே கை, அதே கறார். உனக்கு இரண்டு பக்கமும் உன் ஆட்கள், காலுக்குக் கீழே நீ போட்ட பாதை, அதன் மேலே நாங்கள். பதினாறு வருஷமாக உன்னை வீட்டுக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும்போது ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. வந்து பார்க்கவும் தோன்றியதில்லை.

திடீரென்று பாதை தெரியவில்லை. எதிரே எல்லாம் மங்கல். ஊருக்கே கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறவன், கண்ணில் நீர் நின்றால் எந்த நம்பரும் உதவாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கையால் துடைக்கலாம் என்றால் ஸ்டியரிங்கை விடப் பயம்.

உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னாலிருந்து பெரியவள் தன் துப்பட்டா முனையால் என் முகத்தைத் துடைத்தாள், இரண்டு பக்கமும்.

"அப்பா, அம்மா கூப்பிடறாங்க. போங்க" என்றாள்.

உன்னவன்